எலிகளின் தலையெழுத்து

பழைய கோயில் கோபுரத்திலோ பாழுங்கிணற்றுப் பொந்திலோ கூகை குடியிருந்தால், அதற்கு நேர் கீழே கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். விழுங்கிய இரையில் செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை அப்படி உருட்டி உமிழ்ந்துவிடும். ஓர் உருண்டையை எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஊசியால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் உடையாத ஒரு மண்டையோடு வெளியே வரும். முன்னால் உளி போல இரண்டு வெட்டுப்பற்கள். அவற்றின் முன்பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறமாக இருக்கும், அது எனாமலில் சேர்ந்த இரும்பின் நிறம். வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே கோரைப்பல் இல்லாத வெற்றிடம். அந்த உளியும் இந்த வெற்றிடமும் இருந்தால் அது கொறிக்கும் இனம். பிள்ளையாரின் வாகனம் என்று நாம் சொல்லும் மூஞ்சூற்றின் மண்டையோட்டில் இவை இருக்காது. அது பூச்சி தின்னும் வேறொரு குலம்.

மண்டையோட்டைத் திருப்பி உச்சியைப் பார்த்தால் எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். மனித மண்டையோட்டில் இந்தக் கோடுகளைக் கண்டு நம் முன்னோர் அதைப் பிரம்மன் எழுதிய தலையெழுத்து என்றார்கள். அறிவியல் அவற்றைத் தையல்கோடுகள் என்கிறது. மண்டையோட்டின் மேற்பகுதி பெருப்பது அந்தக் கோடுகளின் ஓரத்தில்தான். புது எலும்பு அங்கேதான் படிகிறது. ஆகவே அந்த எழுத்து பிறப்பிலேயே எழுதி முடிந்ததல்ல; விலங்கு வளர வளர எழுதப்படுவது.

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு எலிகள், ஒன்று களிமண் வயலில் பிடிபட்டது, மற்றொன்று மணற்பாங்கான மேட்டில் பிடிபட்டது. இரண்டின் மண்டையோடும் ஒன்றுபோல் இல்லை. ஏன்? மூன்று விடைகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு மூதாதையரின் வழிவந்தவையாக இருக்கலாம். அல்லது அந்தந்தச் சூழலுக்கு ஏற்ற மண்டையோடு உள்ளவையே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து, இயற்கைத் தேர்வு வேலை செய்திருக்கலாம். அல்லது மரபில் எந்த வேறுபாடும் இல்லாமல், தின்ற தீனியும் தோண்டிய மண்ணும் வளரும் எலும்பை வெவ்வேறாக வார்த்திருக்கலாம். கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. சூழல் எலும்பை நேராகத் தொடுவதில்லை; வளர்ச்சி என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. எந்த வயதில், எந்த உறுப்பு உருவாகும்போது வந்தது என்று கேட்காமல் மண்டையோட்டின் வேறுபாட்டுக்குக் காரணம் சொல்வது அவசரம்.

எலியின் தலை எப்படி வளர்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அடிமண்டை முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பிறகு எலும்பாக மாறுகிறது. உச்சியில் உள்ள எலும்புகள் குருத்தெலும்பு நிலை இல்லாமல், மூளையைப் போர்த்திய சவ்விலேயே படிகின்றன. அங்கும் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வருவதில்லை. சுண்டெலியின் நெற்றி எலும்பு நரம்பு முகட்டுச் செல்களிலிருந்தும், அதற்குப் பின்னுள்ள உச்சி எலும்பு இடைப்படைச் செல்களிலிருந்தும் உருவாகின்றன. முதலில் தலையை இழுத்து வளர்ப்பது மூளை. சுண்டெலிக்குட்டி மூன்று வாரத்தில் பால் மறக்கும். அதற்குள் மூளை ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். அதற்குப் பிறகு தலையை ஆள்வது தாடைத் தசை. மூக்கும் கன்ன வளைவும் தாடையும் நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த முன்பின் வரிசையால் பஞ்சம் எங்கே தழும்பு விடும் என்பதும் தீர்மானமாகிறது. சத்துக்குறைவில் வளர்த்த எலிகளில் மூளைப்பெட்டி ஓரளவு தப்பிக்கும், முகம்தான் அதிகமாகச் சிறுக்கும். அர்ஜென்டினாவில் எக்டர் புச்சியாரெல்லி இதை எலிகளில் விரிவாகச் சோதித்தார். உடல் தன்னிடம் உள்ளதை முதலில் மூளைக்குக் கொடுக்கிறது.

உணவின் மென்மையும் கடினமும் இன்னும் தெளிவான பாடம். 1996இல் பிலிப் மையர்ஸ், மிரியம் செல்டிச் முதலியோர் அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் மான் எலியின் குட்டிகளில் சிலவற்றுக்குக் கடினமான தீனியும் சிலவற்றுக்கு மென்மையான தீனியும் கொடுத்து வளர்த்தார்கள். மண்டையோட்டின் வடிவம் வேறுபட்டது. 2014இல் ஆண்டர்சன், சபீன் ரெனோ, எமிலி ரேஃபீல்ட் மூவரும் சுண்டெலிகளில் இதையே செய்து ஒரு படி மேலே போனார்கள். கடினமான தீனி தின்ற எலிகளின் தாடை வடிவம் மாறியதோடு, கடிக்கும்போது தசையின் விசையைப் பல்லுக்குக் கொண்டுசேர்க்கும் நெம்புகோலாகவும் அது திறம்பட வேலை செய்தது. அம்மியில் அரைப்பவரின் தோள் உரம் ஏறுவது போல, உழைத்த தாடை உழைப்புக்கு ஏற்ற எலும்பைப் பெற்றது. காட்டில் பிடித்த இரண்டு கூட்டங்களின் தாடைகளில் இப்படியொரு வேறுபாட்டைக் கண்டிருந்தால் நம்மில் பலர் இயற்கைத் தேர்வு என்று எழுதியிருப்போம்.

அளக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு கவைமுள் வைத்து நீளம், அகலம், உயரம் என்று அளந்தார்கள். 1990களிலிருந்து மண்டையோட்டில் குறிப்பிட்ட புள்ளிகளைத் தேர்ந்து, அவற்றின் ஆயத்தொலைவுகளைப் பதிந்து, அளவையும் கிடப்பையும் கணக்கிலிருந்து நீக்கி, வடிவத்தை மட்டும் தனியே ஒப்பிடும் வடிவக் கணிதம் பரவியது. நுட்பமானதுதான். ஆனால் அளவை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெரிதாகும் தலை, சின்னத் தலையின் உருப்பெருக்கம் அல்ல. எலி பெரிதாகும்போது முகம் மூளைப்பெட்டியைவிட வேகமாக நீள்கிறது. ஆகவே அளவு மாறினாலே வடிவமும் மாறும். சூழலுக்குத் திறந்திருக்கும் மிக அகலமான வாசல் இந்த அளவுதான்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் போகும் எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் கோஃபர். கன்னத்தில் பை வைத்து, மண்ணுக்கடியில் தனியாக வாழும் கொறிக்கும் விலங்கு. கலிபோர்னியாவில் பாசனம் வந்தபின் விவசாயிகள் குதிரைமசால் பயிரிட்டார்கள். நம் ஊரில் மாட்டுக்குப் போடும் அதே குதிரைமசால்தான். 1987இல் ஜேம்ஸ் பாட்டனும் பிலிப் பிரில்ஸ்கியும் அந்த வயல்களில் வாழும் கோஃபரையும், பக்கத்துத் தரிசு நிலங்களில் வாழும் அதே இனக் கோஃபரையும் ஒப்பிட்டார்கள். வயல் கோஃபர் பெரியது, மண்டையோடும் பெரியது. ஆண்டு முழுவதும் புரதம் நிறைந்த தழை கிடைத்தால் வளர்ச்சி ஓங்குகிறது. அந்த வயல்கள் தோன்றிச் சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் இன்னொரு தலை. பழைய வகைப்பாட்டாளர் ஒருவர் கையில் இரண்டும் கிடைத்திருந்தால் இரண்டு உள்ளினங்களாகப் பெயர் சூட்டியிருக்கக்கூடும். உண்மையில் கோஃபர்களுக்கு அப்படி அளவுக்கு மீறிப் பெயர்கள் சூட்டப்பட்டன.

அதே குலத்தில் இன்னொரு கதையும் உண்டு, அது எதிர்ப்புறம் போகிறது. சில கோஃபர்கள் நகத்தால் தோண்டும், சில பல்லால் தோண்டும். இறுகிய மண்ணுக்கு நகம் போதாது. பல்லால் தோண்டுபவற்றில் வெட்டுப்பல் முன்னோக்கிச் சாய்ந்து கடப்பாரை போல நீட்டி நிற்கும். அரியல் மார்சி, எலிசபெத் ஹாட்லி முதலியோர் 2016இல் தோமோமிஸ் என்ற கோஃபர் பேரினத்தின் அருங்காட்சியக மண்டையோடுகளை மண்ணின் தன்மையோடு பொருத்திப் பார்த்தார்கள். கடினமான மண்ணில் பல் முன்சாய்வது பல இடங்களில் தனித்தனியே நடந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போன பாதை ஒன்றல்ல. உடல் பெரிய வகைகளில், தலை பெருக்கும்போதே பல் சாய்கிறது. வளர்ச்சி தானாகக் கொடுத்த பலன் அது. உடல் சிறிய வகைகளுக்கு அந்த வசதி இல்லை. இறுகிய மண்ணில் பெரிய வளை தோண்டப் பெருஞ்செலவு ஆகும், ஆகவே உடல் பெருக்கவும் வழியில்லை. அவற்றில் அளவு கூடாமலே மண்டையோட்டின் வடிவம் மாறிப் பல் சாய்ந்தது. இரண்டு மண்டையோடுகளையும் அருகருகே வைத்தால் பல்லின் சாய்வு ஒன்றுபோலத் தெரியும், அது வந்த வழி வேறு. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆய்வு இதுதான்.

பல்லால் மண்ணைத் தோண்டும் வாழ்க்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் மயிரற்ற மண்ணெலியைப் பார்க்கலாம். அதன் உடலிலுள்ள தசையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தாடைக்கே உரியது. உதடுகள் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும், தோண்டும்போது வாய்க்குள் மண் போகாது.

காதுக்கு வருவோம். நம் கரிசல் காட்டிலும் செம்மண் மேட்டிலும் வளை தோண்டும் வெள்ளெலியின் மண்டையோட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் இரண்டு பக்கமும் ஊதிய குமிழ்கள் தெரியும். வீட்டெலியில் இவ்வளவு ஊதியிருக்காது. இவை நடுச்செவியைப் பொதிந்த எலும்புக் குமிழ்கள். உள்ளே காற்றின் கொள்ளளவு கூடினால் தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்கும். வறண்ட, திறந்த நிலத்தில் வாழும் பல கொறிக்கும் விலங்குகளில் இந்தக் குமிழ் பெருத்திருக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலியைக் கொண்டு டக்ளஸ் வெப்ஸ்டர் இதன் பயனைச் சோதித்தார். செவித்திறன் குன்றிய எலிகள் ஆந்தைக்கும் பாம்புக்கும் எளிதில் பலியாயின. ஆந்தையின் சிறகசைவும் பாம்பின் பாய்ச்சலும் எழுப்பும் தாழ்ந்த ஒலி, பெரிய குமிழ் உள்ளதற்குக் கடைசி நொடியில் எட்டிவிடுகிறது. இங்கே இயற்கைத் தேர்வு என்ற சொல்லைத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். உறுப்பு, அதன் வேலை, அது தவறினால் வரும் சாவு மூன்றும் கண்ணெதிரே காட்டப்பட்டிருக்கின்றன.

நகரத்து ஆய்வுகளுக்கு அந்த உறுதி இன்னும் வரவில்லை. 2013இல் எமிலி ஸ்னெல்-ரூடும் நயோமி விக்கும் மினசோட்டாவின் அருங்காட்சியக மண்டையோடுகளில் 10 இனப் பாலூட்டிகளை ஒப்பிட்டபோது, வெண்கால் எலி, புல்வெளி வோல் என்ற எலி இரண்டிலும் நகரத்தில் வாழ்ந்தவற்றின் மூளைப்பெட்டி பெரிதாக இருந்தது. 2020இல் நியூயார்க் எலிகளின் ஏறக்குறைய 120 ஆண்டு மண்டையோடுகளை எமிலி பக்கெட் குழுவினர் அளந்தனர். மூக்கு நீண்டிருந்தது, மேல் கடைவாய்ப்பல் வரிசை குறுகியிருந்தது. 2025இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில், 125 ஆண்டுகளில் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார்கள். சிப்மங்க் அணிலின் மண்டையோடு பெருத்திருந்தது, அதன் பல்வரிசையோ குறுகியிருந்தது. வோலில் செவிக்குமிழ் சிறுத்திருந்தது. நகரத்து இரைச்சலை மட்டுப்படுத்த அது உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டு நகரங்கள், இரண்டு குடும்பத்து விலங்குகள், இரண்டிலும் பல்வரிசை குறுகல். மனிதர் எறியும் மென்மையான உணவு காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் எந்த வழியில்? மென்மையான தீனி தின்ற எலியின் தாடை அதன் ஆயுளிலேயே மாறும் என்று மேலே பார்த்தோம். பல் அப்படியல்ல. எலிக்கும் சிப்மங்குக்கும் கடைவாய்ப்பல் வேர்விட்டு நின்றுவிடும் பல். அதன் மகுடம் ஈறுக்குள்ளேயே முழு அளவுக்கு உருவாகித்தான் வெளியே வருகிறது. எலிக்குட்டிக்கு முதல் இரண்டு கடைவாய்ப்பற்களும் மூன்று வாரத்தை ஒட்டி முளைக்கின்றன. அதாவது தெருவோரத்து ரொட்டியைக் குட்டி தன் வாயால் கடிக்கும் முன்பே அந்தப் பற்களின் அளவு முடிவாகிவிட்டது. தின்ற உணவு அந்தப் பற்களைச் சுருக்கியிருக்க முடியாது. ஆகவே பல்வரிசைக் குறுகலுக்கு முதன்மையாகத் தாய்வயிற்றிலும் தாய்ப்பாலிலும் கிடைத்த சத்தையோ தலைமுறைகளில் நடந்த தேர்வையோதான் நாட வேண்டும். மூக்கின் கதை வேறு. அது பால் மறந்த பின்னும் நீள்கிறது. தீனியும் தட்பவெப்பமும் அதைத் தொடக் காலம் இருக்கிறது. ஒரே எலியின் ஒரே மண்டையோட்டில், விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு மாற்றங்களுக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. செவிக்குமிழ் பற்றிய இரைச்சல் விளக்கமும் இந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும். வெப்ஸ்டர் கங்காரு எலிக்குச் செய்தது போன்ற ஒரு சோதனை நகரத்து வோலுக்கும் வேண்டும்.

மாற்றத்தின் வேகத்தைச் சொல்லும் இரண்டு இடங்களையும் விட்டுவிடக் கூடாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிரான்சுக்குச் சொந்தமான கெர்கலென் தீவுக்கூட்டத்தில் கியூ என்ற சின்னத் தீவு இருக்கிறது. அங்கே 1990களில் முயல்களை ஒழித்தார்கள். தாவரங்கள் மாறின, சுண்டெலியின் உணவும் மாறியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவற்றின் கீழ்த்தாடை வடிவமும் மாறியதை ரெனோ குழுவினர் 2015இல் எழுதினார்கள். மற்றொன்று கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதி. பெர்க்லி அருங்காட்சியகத்தின் ஜோசஃப் கிரின்னல் 1914 முதல் 1920 வரை அங்கே விலங்குகளைச் சேகரித்தார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து ஆய்வாளர்கள் அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். வெப்பம் கூடியதால், உயரத்தில் வாழும் ஆல்ப்பைன் சிப்மங்கின் கீழெல்லை சுமார் 600 மீட்டர் மேலேறியிருந்தது. அதன் மண்டையோடும் மாறியிருந்தது. அதே மலையில் வாழும் இன்னொரு சிப்மங்க் இனம் இடமும் அதிகம் மாறவில்லை, மண்டையோடும் அதிகம் மாறவில்லை. ஒரே வெயில் இரண்டு இனங்களை ஒரே அளவுக்குச் சுடவில்லை.

இவ்வளவு வழிகளில் சூழல் நுழையும்போது மண்டையோடு ஏன் சிதறிப் போவதில்லை? மேல்பல் ஒரு பக்கம், கீழ்ப்பல் ஒரு பக்கம் என்று ஆகாமல் எல்லாம் பொருந்தி நிற்பது எப்படி? உறுப்புகள் சேர்ந்து மாறும் இந்தப் பிணைப்பை 1958இலேயே ஓல்சனும் மில்லரும் ஒரு நூலாக எழுதினார்கள். ஜேம்ஸ் செவரட் 1980களில் அதற்கு மரபியல் கணக்குக் கொடுத்தார். கிளிங்கன்பெர்க் சுண்டெலியின் கீழ்த்தாடையை ஆராய்ந்து, பல் தாங்கும் முன்பகுதியும் தசை பற்றும் பின்பகுதியும் ஓரளவு தனித்தனியே மாறக்கூடியவை என்று காட்டினார். கனடாவின் கால்கரியில் பெனடிக்ட் ஹால்கிரிம்சன் 2009இல் சொன்ன உவமை எனக்குப் பிடித்தது. பழைய ஐரோப்பாவில் தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே மறுபடி எழுதுவார்கள். அடியில் பழைய எழுத்தின் சாயல் நிற்கும். மண்டையோடும் அப்படித்தான். மூளை வளர்ந்தது ஓர் எழுத்து, அடிமண்டைக் குருத்தெலும்பு வளர்ந்தது இன்னொன்று, தசை இழுத்தது மேலும் ஒன்று. நம் வாசலில், நேற்றைய கோலத்தின் தடம் போகாமலே இன்றைய கோலம் விழுவது போலத்தான். கடைசியில் நம் கைக்கு வரும் மண்டையோட்டில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எந்தக் கோடு எந்த நாளுடையது என்று முதிர்ந்த விலங்கை மட்டும் அளந்து பிரிக்க முடியாது.

வளர்ச்சியின் கட்டுப்பாடு குலைவதும் எலும்பில் தெரியும். செர்னோபில் அணுஉலை விபத்தின் கதிரியக்கம் மிகுந்த பகுதிகளில் பிடித்த மஞ்சள்கழுத்து எலிகளில் இடது, வலது பக்கங்களுக்கு இடையே வழக்கத்தைவிட அதிகமான சிறு வேறுபாடுகள் இருந்ததை 2004இல் பதிவு செய்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் மரபணு ஒன்றே. ஒரே உடலில் ஒரு பக்கம் பிசகுவது வளர்ச்சி தடுமாறியதற்கான அடையாளம்.

இந்தத் துறைக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது புதிய அளவீட்டு மென்பொருள் அல்ல. இரண்டு சூழல்களிலிருந்து பிடித்த விலங்குகளின் குட்டிகளை ஒரே கூண்டில், ஒரே தீனியில் வளர்த்துப் பார்க்கும் பொறுமை. வேறுபாடு குட்டியிலும் நின்றால் அது மரபில் இருக்கிறது. மறைந்தால் வளர்ச்சியில் இருந்தது. கோஃபர் போன்ற விலங்குகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வது கடினம், செலவும் அதிகம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் அளந்து எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் இருக்க, வளர்த்து எழுதியவை சிலவாக நிற்கின்றன. அடுத்த தேவை, வயது தெரிந்த குட்டிகளின் மண்டையோடு. அருங்காட்சியகங்கள் முழு வளர்ந்த, அழகான மாதிரிகளையே விரும்பிச் சேர்த்தன. நம் கேள்விக்கு விடை இருப்பதோ பால் மறக்கும் முன்னும் பின்னும் உள்ள சில வாரங்களில்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய களம் திறந்தே கிடக்கிறது. காவிரிப் படுகையின் களிமண் வயலில் வரப்பைக் குடையும் எலி, கடலோர மணலிலும் உள்மாவட்டத்துச் செம்மண்ணிலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் கோஃபருக்குக் கேட்ட அதே கேள்வியை இங்கே நம் வயல் எலிக்குக் கேட்கலாம். ஒவ்வொரு பட்டத்திலும் தஞ்சாவூர் கிட்டி என்னும் பொறி வைத்தும், வளை வெட்டியும் எலிகள் பிடிபடுகின்றன; இருளர் பழங்குடியினர் எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். பிடிபட்டவற்றில் பல எரிக்கப்படுகின்றன அல்லது புதைக்கப்படுகின்றன. கிரின்னல் 1910இலேயே, தாம் சேர்ப்பவற்றின் மதிப்பு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே தெரியலாம் என்ற கருத்தை எழுதிவைத்தார். அவர் சேர்த்ததால்தான் யோசெமிட்டியின் கதை நமக்குக் கிடைத்தது.

விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கும் வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எலி ஒழிப்பு நடக்கும்போது, குட்டி, பெரியது என்று பார்க்காமல் சில தலைகளையாவது ஒதுக்கிவையுங்கள். ஊர், தேதி, ஆணா பெண்ணா, எடை, மண், பயிர் இவற்றைப் பென்சிலால் அட்டையில் எழுதி ஒவ்வொன்றோடும் கட்டிவிடுங்கள். சுத்தம் செய்து அருகிலுள்ள கல்லூரி அருங்காட்சியகத்தில் சேருங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் பரவும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.